கண்ணைத் துடைத்த விரல்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் கடைசிப் பக்கம் பாதி காலியாகக் கிடந்தது. விளம்பரம் தருவதாகச் சொல்லியிருந்த பாத்திரக் கடைக்காரர் நழுவிவிட்டார். செயலாளர் எனக்குப் போன் செய்து, ஓய்வு பெற்றுச் சும்மாதானே இருக்கிறீர்கள், கண்நோய் வந்தால் வீட்டிலேயே என்ன செய்யலாம் என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார். ஏன் கண்நோய் என்றால், அந்த மழைக்காலத்தில், கல்கத்தாவுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் சந்தன்நகரில் கண் வெள்ளையாக இருந்தவர்கள் பூங்காவில் நிற்கும் சிலைகள் மட்டும்தான். ஏன் நான் என்றால், என் இரண்டு கண்ணும் அப்போது பழுத்த தக்காளியாக இருந்தன. அனுபவஸ்தன் என்று நினைத்துவிட்டார்.

உட்கார்ந்து எழுதினேன்.

கண்நோய் வந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது தானாகவே —

அடித்தேன். பயப்பட வேண்டாம் என்று யாராவது சொன்ன பிறகுதான் மனிதர்கள் பயப்படவே தொடங்குகிறார்கள்.

கண்ணைத் தொடக் கூடாது. தொட்ட விரலால் பிறரை —

இங்கே பேனா நின்றுவிட்டது. அன்று காலை கண் டாக்டர் வீட்டுக் கூடத்தில் பார்த்த ஒரு பெண் குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டாள். அங்கே ஓர் ஐம்பது பேர்* கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கொள்ளையடிக்கப் போகும் கூட்டம் கடைசியாக ஒருமுறை சாமி கும்பிடக் கூடியதுபோல, பேசாமல் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அடுத்த நாற்காலிக்காரி மட்டும் பேசினாள். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, வயது அறுபதுக்குப் பக்கம். தன் பக்கத்து வீட்டுக்காரிக்கு நடந்தது என்று ஆரம்பித்தாள். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். அரைப் பக்கம் கேட்ட செயலாளர் என்னை மன்னிக்கட்டும்.

* பதினோரு பேர். நான் கூட்டிச் சொல்லும் பழக்கமுள்ளவன். கூட்டியது தெரிந்தால் இப்படிக் கீழே வந்து கழித்துவிடுகிறேன். எல்லா இடத்திலும் கழிப்பேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை.

2

பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு பெயர் வேண்டும். ரேபா என்று வைக்கிறேன். ரேபா நந்தி. கணவர் பிரபாத் நந்தி, வீட்டுக்குள்ளேயே ஹோமியோபதி பார்ப்பவர். வெள்ளை உருண்டைகள் நிறைந்த மரப்பெட்டியைத் திறந்துவிட்டால் யமன்கூட நாளைக்கு வருகிறேன் என்று திரும்பிப் போய்விடுவான் என்று நம்புகிறவர். ஒரே மகன், வீட்டில் டுக்காய் என்று கூப்பிடுவார்கள். கணவரின் அக்கா கனகா. எந்த விசேஷத்திலும் ரேபாவுக்கு அரை அடி முன்னால் நிற்பவள். அவ்வளவுதான் ஆட்கள். மருமகள் பிறகு வருவாள்.

நோய்க்கும் பெயர் வேண்டுமே. நம் ஊரில் அதை மெட்ராஸ் ஐ என்கிறோம். மெட்ராஸ்காரர்களே அப்படிச் சொல்வதுதான் அதில் அழகு. இங்கே சும்மா 'கண் கிளம்பிவிட்டது' என்பார்கள். ஆனால் வயதானவர்களிடம் கேளுங்கள், 'ஜெய் பாங்க்ளா' என்பார்கள். பங்களாதேஷ் போர் நடந்த வருஷம் எல்லை தாண்டி ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்; அதே சமயம் நோயும் பரவியது; வந்தவர்கள் போட்ட கோஷத்தையே நோய்க்குப் பெயராகச் சூட்டிவிட்டார்கள். நோய் யார் வீட்டில் முதலில் இருந்தது என்று யாரும் விசாரிப்பதில்லை. கடைசியாக உள்ளே வந்தவர் யாரோ, அவர்தான் கொண்டுவந்தார்.

(இந்தப் பத்தியைக் கட்டுரை மாதிரி இருக்கிறதென்று எடுத்துவிட நினைத்தேன். கதை முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது என்று பிறகு தெரிந்தது. இருக்கட்டும்.)

3

கல்யாணத்துக்கு முதல் நாளே ரேபாவுக்கு வலது கண்ணில் மணல் விழுந்ததுபோல இருந்தது. அன்று காலையிலேயே இமை ஒட்டிக்கொண்டிருந்தது. வெந்நீர் தொட்டுப் பிரித்தாள். கண்ணாடியில் பார்த்தாள். சரிதான், வந்துவிட்டது.

மொட்டை மாடிக்குப் போய் டாக்டருக்குப் போன் செய்தாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு இப்படி இருக்கிறது, அவளுக்குப் பேச வராது, அதனால் நான் கேட்கிறேன் என்றாள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அநேகமாக ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே போய்விடும். பார்ப்பதால் பரவாது, கையால்தான் பரவும். அடிக்கடி சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், கண்ணைத் தொட வேண்டாம், பிறர் முகத்தைத் தொடவே வேண்டாம். ரேபா எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். ஒரே ஒரு கேள்வி பாக்கியிருந்தது: அந்தப் பக்கத்து வீட்டுக்காரி நாளைக்கு மகனுக்கு மஞ்சள் பூசலாமா? அதை அவள் கேட்கவில்லை. பதில் தெரிந்த கேள்வியை யார் கேட்பார்கள்.

ரேபாவை நீங்கள் இப்போதே வெறுக்கத் தொடங்கினால் கதைக்கு நல்லதல்ல. அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே மகன் கல்யாணத்துக்குத் தாய் போகக் கூடாது. மணமேடை, வெற்றிலையால் முகத்தை மூடியபடி மணையில் தூக்கி வரப்படும் பெண், வெற்றிலையை விலக்கி அவள் முதல்முதலாகப் பார்க்கும் பார்வை, எல்லாவற்றையும் ஊரே பார்க்கும். பெற்றவள் மட்டும் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டும். அவள் பங்குக்கு வருவது அன்று காலை மகன் நெற்றியில் வைக்கும் மஞ்சள் மட்டுந்தான். கண் என்று வாயைத் திறந்தால் அந்தக் கிண்ணம் கனகாவின் கைக்குப் போய்விடும். போனால் திரும்பாது.

கல்யாணத்தன்று மழை, வானத்தில் யாரோ குழாயைத் திறந்துவிட்டு மூடாமல் ஊருக்குப் போய்விட்டதுபோலக் கொட்டியது. முற்றத்துப் பந்தலில் டுக்காய் வேட்டியோடு, வெற்று உடம்போடு மணையில் உட்கார்ந்திருந்தான். ரேபா விரல் நுனி சுருங்கும்வரை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தாள். முகத்துப் பக்கம் கையைக் கொண்டுபோவதே இல்லை என்று தீர்மானித்திருந்தாள். பித்தளைக் கிண்ணத்தில் விரலை நனைத்து நெற்றியில் வைத்தாள்.

"மா, என்ன கை இவ்ளோ ஜில்லுனு இருக்கு?" என்றான் டுக்காய்.

"கழுவிட்டு வந்தேன்டா."

அவன் சிரித்தான். சின்னப் பையனாக இருந்தபோது குளிப்பாட்ட உட்கார்த்தினால் எப்படிச் சிரிப்பானோ அப்படி. அவள் கண்ணில் நீர் வழிந்தது. அது பாசமா நோயா என்று என்னால் சொல்ல முடியாது, அவளாலும் முடியவில்லை. கண் நமநமவென்று அரித்தது. வலது கையின் மோதிர விரல், யாரையும் கேட்காமல், மேலே போய்க் கண்ணைத் துடைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் கிண்ணத்துக்குள் திரும்பி வந்தது.

சுற்றி நின்ற பெண்கள் தாய் அழுவதைப் பார்த்தார்கள். நாலு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். கனகா குலவையிட்டாள். அந்தக் குலவை ஆற்றுக்கு அக்கரையில் நைஹாட்டி ஸ்டேஷனில் நின்ற ரயிலைக் கிளப்பிவிட்டதாக — (சரி, கழித்துக்கொள்ளுங்கள்.)

அதன் பிறகு கன்னத்தில் மஞ்சள். பிறகு தோளில்.

இதோடு முடிந்திருந்தால் மகனோடு போயிருக்கும். ஆனால் மாப்பிள்ளைக்குப் பூசிய அதே மஞ்சளில் மீதிதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். அதை அவள் உடம்பில் பூசிய பிறகுதான் அவள் குளிப்பாள். இது நேற்றைக்கு வந்த வழக்கமா? கிண்ணத்தைச் சிவப்புத் துணியால் மூடிக் கனகா முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சீர்வரிசைத் தட்டுகள், பெண்ணைப்போலப் புடவை கட்டி மூக்குத்தி மாட்டிய ரோகு மீன், ஒரு பத்து வயதுப் பையன் உயரத்துக்கு.* முடிச்சுப் போடும்வரை நேரம் இருந்தது. இதைக் கொட்டிவிட்டு வேறு அரைப்போம் என்று சொல்ல அந்த நேரம் போதும். ரேபா வாயைத் திறந்தாள்.

"அழாதே ரேபா," என்றாள் கனகா. "பையன் எங்க போறான்? பொண்ணைக் கூட்டிட்டு வரத்தானே போறான். இப்படி அழுற அம்மாவ நான் எங்கேயும் பார்க்கல."

ரேபா வாயை மூடிக்கொண்டாள்.

* மீனைக் கழிக்க மாட்டேன். மீன் பெரிதாகவே இருக்கட்டும்.

4

மாலையில் கார் வாசலில் நின்றபோது, புறப்படும் மகனைத் தாய் எங்கே போகிறாய் என்று கேட்க வேண்டும். அதற்கு அவன் சொல்ல வேண்டிய பதிலும் ஏற்கெனவே இருக்கிறது. டுக்காய் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன். அதையெல்லாம் சொல்ல மாட்டேன் என்று ஒரு வாரமாக முரண்டு பிடித்துக்கொண்டிருந்தான். கனகா விடவில்லை.

"எங்கடா போற?" என்று ரேபா கேட்டாள்.

"உனக்கு ஒரு வேலைக்காரியக் கூட்டிட்டு வரப் போறேன் மா," என்று வெட்கத்தில் பாதியை விழுங்கிச் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். ரேபாவும் சிரித்தாள்.

அந்த இரவை ரேபா எப்படிக் கழித்தாள் என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். தூக்கமில்லாமல் புரண்டாள், ஜன்னலில் மழை, மனசாட்சி, இன்ன பிற. கிழித்துவிட்டேன். உண்மையில் அவள் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். வெட்கம் தூங்கவிடாத சாமான் என்று எழுத்தாளர்கள் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அது நல்ல தூக்கத்தைக் கொடுத்துவிட்டு, காலையில் பல் தேய்க்கும்போது வந்து பின்னால் நிற்கும்.

5

மறுநாள் மாலை மருமகள் வந்தாள். தியாஷா, உத்தர்பாராக்காரி. பொங்கி வழியும் பாலைப் பார்க்கவைத்து, கையில் துள்ளும் மீனைக் கொடுத்து, வாசலில் மாமியார் விளக்குக் காட்டி வரவேற்றாள். இரண்டு முகமும் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. இதற்குள் ரேபாவின் இரண்டு கண்ணுமே சிவந்திருந்தன. ஒருவரும் சந்தேகப்படவில்லை. கல்யாண வீட்டில் தாயின் கண் சிவந்திருக்காவிட்டால்தானே பேச்சு வரும். இரண்டு நாளாக விடாமல் அழுகிறாள் என்று தெரு முழுக்க அவள் புகழ் பரவிவிட்டது.

அதற்கடுத்த நாள்தான் விருந்து. மருமகள் தன் கையால் புகுந்த வீட்டாருக்குச் சோறு பரிமாறும் நாள். அன்று காலை தியாஷா கண்ணைத் திறக்க முடியாமல் எழுந்தாள். இமைகள் வீங்கி, கண் இரத்தச் சிவப்பு. மதியத்துக்குள் டுக்காய்க்கும் ஒரு கண் சிவந்துவிட்டது.

இரண்டே நாளில் வருமா என்று கேட்பீர்கள். வரும், விசாரித்துவிட்டேன். ஆனால் மஞ்சளிலிருந்துதான் வந்தது என்று எந்தக் கோர்ட்டிலும் நிரூபிக்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊர் முழுக்க நோய் இருந்தது. மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்தவளின் மைத் தூரிகை எத்தனை கண்ணைத் தொட்டதோ. ரேபாவும் அந்தத் தூரிகையை எட்டிப் பிடித்தாள். அதைப் பற்றிக்கொண்டே காலை முழுவதும் மிதந்தாள். அலங்காரக்காரிதான், அலங்காரக்காரிதான். ஆனால் அலங்காரக்காரி டுக்காயின் நெற்றியைத் தொடவில்லை.

கனகாவுக்கு இந்தக் குழப்பம் எதுவும் கிடையாது. சாப்பாட்டு மேசையில் லூச்சிப் பூரியைப் பிய்த்தபடி கணக்கை முடித்துவிட்டாள்.

"அந்தப் பொண்ணு கால வச்சா. மறுநாளே பையன் கண்ணு போச்சு. ரேபா கண்ணப் பாரு, வாசல்ல ஒரே ஒரு தடவ முகத்துக்கு நேரா பார்த்தா, அதுக்கே இப்படி. இன்னும் என்னென்ன கொண்டு வந்திருக்காளோ."

பிரபாத் பாபு நோய்க்கு ராசி கிடையாது, கிருமிதான் உண்டு என்று தொடங்கி, உருண்டைப் பெட்டியை எடுக்க எழுந்துபோய்விட்டார். மேசையைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் ரேபாவைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பாவம், மருமகளிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

அந்தப் பரிதாபத்தை ரேபா எப்படி வாங்கிக்கொண்டாள் என்று விவரிக்க என்னிடம் பெரிய பெரிய உவமைகள் தயாராக இருந்தன. பூமி பிளந்தது, தலையில் இடி, அப்படி. ஒன்றும் பொருந்தவில்லை. அவள் காது மடல்கள் சுட்டன. லூச்சியை விழுங்க முடியாமல் வாயிலேயே வைத்திருந்தாள். இவ்வளவுதான். வெட்கத்தைக் கூட்டிச் சொல்ல முடியவில்லை. என் நாற்பது வருஷப் பழக்கம் இந்த ஒரு இடத்தில் கைகொடுக்கவில்லை.

6

செயலாளர் கேட்ட அரைப் பக்கம் இங்கேதான் வருகிறது. ரேபா பின்கட்டு அறையில் மருமகளை உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், சுத்தமான பஞ்சு. முதலில் தன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு, அந்தப் பஞ்சைத் தூரப் போட்டாள். அடுத்ததற்குப் புதுப் பஞ்சு. அந்தக் கண்ணுக்கு வேறு, இந்தக் கண்ணுக்கு வேறு. பிறகு குளிர்ந்த தண்ணீரில் பிழிந்த துணியை மூடிய இமைமேல் வைத்தாள். பெண்ணுக்கு என்று தனித் துவாலை, தனித் தலையணை உறை. மைச் சிமிழை எடுத்துக் குப்பையில் போட்டாள். எல்லாம் முடிந்ததும் மறுபடி கை கழுவினாள்.

இதற்கிடையில் வாசல் தட்டப்பட்டுக்கொண்டே இருந்தது. ஒருத்தி பன்னீர் கொண்டுவந்தாள். ஒருத்தி தேன். எதிர் வீட்டில் கைக்குழந்தைக்காரி இருக்கிறாள், ரெண்டு சொட்டுத் தாய்ப்பால் வாங்கி வரட்டுமா என்று ஒருத்தி. பிரபாத் பாபு உருண்டை. ரேபா எதையும் கண்ணுக்குள் விடவில்லை. உருண்டையை மட்டும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள், அவருக்காக.

கடைசியாகக் கனகா ஒரு சின்னப் பாட்டிலோடு வந்தாள். அவளுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபோது மிச்சமான சொட்டு மருந்து. பெரிய டாக்டர் எழுதினது, நாலு சொட்டு விட்டால் விருந்துக்குள் வெள்ளையாகிவிடும் என்றாள். ரேபா கதவை மறித்து நின்றாள். ஒருத்தர் மருந்தை ஒருத்தருக்கு விடக் கூடாது தீதி, சிவப்பை அமுக்கிவிட்டு உள்ளே பார்வையைக் கெடுத்துவிடும் என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடும் நாத்தனாரை அவள் மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

"உனக்கு இதெல்லாம் யார் சொன்னா?" என்று கனகா கேட்டாள்.

ரேபா கதவைச் சாத்தினாள்.

(வாசகர்களுக்கு: வலி கடுமையாக இருந்தால், பார்வை மங்கினால், வெளிச்சத்தையே தாங்க முடியாவிட்டால், பிறந்த குழந்தைக்கு வந்தால், வீட்டில் உட்கார்ந்து கதை படித்துக்கொண்டிருக்காதீர்கள். டாக்டரிடம் போங்கள். ஆயிற்று செயலாளர் அவர்களே, உங்கள் அரைப் பக்கம்.)

7

இந்தப் பகுதியை நாலு தடவை எழுதிவிட்டேன். தியாஷாவை எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அவள் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். மாமியார் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். அறைக்கு வெளியே பந்தல்காரர்கள் நாற்காலி இழுக்கும் சத்தம்.

"மா, நேத்து வாசல்ல விளக்குக் காட்டினப்ப உங்க கண்ணப் பார்த்தேன்," என்றாள் தியாஷா. "எனக்காக அழுதிருக்கீங்கன்னு நினைச்சேன். எங்கம்மாகிட்டகூட போன்ல சொன்னேன், பயப்படாதே, நல்லவங்க வீடுதான்னு."

ரேபாவின் கை பஞ்சோடு நின்றது.

"உங்களுக்கு எப்ப ஆரம்பிச்சது மா?"

(ஒரு பிரதியில் இவள் கள்ளங்கபடம் இல்லாமல் கேட்டாள். இன்னொன்றில் எல்லாம் தெரிந்தே கேட்டாள். மூன்றாவதில் அவள் கெட்டிக்காரி, ஆனால் தெரிந்துகொள்ள விரும்பாதவள். நாலாவதில் குரலைப் பற்றி எதுவும் எழுதாமல் விட்டேன். இது நாலாவது.)

"இன்னைக்குக் காலைலதான், பௌமா," என்றாள் ரேபா. மருமகளை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். அந்தச் சொல்லை அவள் வாயால் சொன்னது அன்றுதான் முதல் முறை.

தியாஷா சரி மா என்றாள். முகத்தைத் திருப்பி இன்னொரு கண்ணைத் துடைக்கக் காட்டினாள்.

அடித்திருந்தால் தேவலை என்று இங்கே ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். துடைக்கக் காட்டினாள், அவ்வளவுதான்.

ஈரத் துணியை இமைமேல் வைத்துக்கொண்டு அவள் கடைசியாகச் சொன்னது இது: "அப்பா சாயங்காலம் வர்றாரு. கனகா அத்தை போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டாங்களாம். உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கப் போறேன்னு காலைலேர்ந்து புலம்பிட்டு இருக்காரு. வேணாம்பான்னு சொல்லிட்டேன். அவரு கேக்க மாட்டாரு மா."

8

விருந்துக்கு அறுநூறு பேர் வந்தார்கள். (இருநூறு.) புதுப்பெண் முகம் பார்த்துப் பரிசு கொடுக்கத்தான் வருகிறார்கள். ஆனால் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று கனகா வாசலிலேயே ஒவ்வொருவர் காதிலும் போட்டுவிட்டாள். பெண்ணும் மாமியாரும் மாப்பிள்ளையும் கறுப்புக் கண்ணாடியில் வரிசையாக நின்றார்கள். வந்தவர்கள் எல்லாரும் பெண்ணின் பாதத்தைப் பார்த்துக்கொண்டே பரிசை நீட்டினார்கள். அவ்வளவு அழகான பாதமென்று அத்தனை பேரும் ஒருமுகமாகப் பாராட்டினார்கள். மீன் வறுவலைத் தட்டில் வைத்துக்கொண்டு, ரேபாவிடம் தனித்தனியாக வந்து அனுதாபம் சொல்லிவிட்டுப் போனார்கள். வந்ததும் வராததுமாக உனக்குக் கொடுத்துட்டாளே. எப்படித் தாங்கறே. அவர்கள் ஒவ்வொருவருக்கும் அவள் தலையை ஆட்டினாள். ஆட்டிய ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நின்ற பெண்ணின் கால்விரல்கள் கொஞ்சம் உள்ளே மடங்குவதை அவளும் பார்த்தாள். எல்லாரையும் போல அவளும் பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கனகாவுக்கு இந்த நோய் கடைசிவரை வரவே இல்லை. கதையில் நியாயம் வேண்டுமென்றால் வரவழைத்திருக்கலாம். நான் கூட்டுவேனே தவிர, அந்த அளவுக்குக் கூட்ட மாட்டேன்.

பெண்ணின் அப்பா ஷிபேன் பாபு நேரம் கழித்து வந்தார். தபால் ஆபீஸில் வேலை. மழையில் பாதி நனைந்திருந்தார். கையில் சந்தேஷ் இனிப்புப் பெட்டி. எங்கள் சந்தன்நகர் சந்தேஷையே உத்தர்பாராவில் வாங்கிக்கொண்டு சந்தன்நகருக்கு வந்திருந்தார், அந்தப் பதற்றத்தில். பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு நாற்காலியில் வைத்தார். கூடம் அடங்கிவிட்டது. எல்லார் கண்ணும் அவர்மேல், அவர் கண் தரைமேல். நேராக ரேபாவிடம் வந்தார்.

"தீதி, எங்க பொண்ணால..." என்று தொடங்கினார்.

முடிவுகள் தயாராக இருக்கின்றன.

அ) ரேபா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஷெனாய்க்காரர் முன்னால் இருந்த மைக்கைப் பிடுங்கி, ஊருக்கே கேட்கும்படி எல்லாவற்றையும் சொல்கிறாள். கூடம் கைதட்டுகிறது. கனகா மயங்கி விழுகிறாள். இதை எழுதும்போது எனக்கு ரொம்பக் குஷியாக இருந்தது. அதனாலேயே நம்பவில்லை.

ஆ) ரேபா, பரவாயில்லை விடுங்க, என்கிறாள். பெருந்தன்மை என்று பேர் வருகிறது. ஒரு வாரத்தில் எல்லார் கண்ணும் வெள்ளையாகிவிடுகிறது. கனகா மட்டும் இனி ஒவ்வொரு கல்யாணத்திலும், நம்ம டுக்காய் பொண்டாட்டி வந்தப்ப, என்று ஆரம்பிப்பாள். இருபது வருஷம். ரேபா ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய்க் கை கழுவுவாள்.

இ) சம்பந்தியைத் தனியாக அழைத்துச் சொல்கிறாள். அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். அதனால் பெண்ணுக்கு வந்த கெட்ட பெயரும் மாறாது. சொன்னது போலவும் ஆகும், சொல்லாதது போலவும் ஆகும். எனக்குப் பிடிக்காத முடிவு இது. ரேபாவுக்குப் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உண்மையில் என்ன நடந்தது? எனக்குத் தெரியாது. டாக்டர் வீட்டுக் கூடத்தில் அந்தப் பெண் இந்த இடம்வரை வந்தபோது உள்ளேயிருந்து ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்துவிட்டாள். கூப்பிட்ட பெயர் ரேபா அல்ல. ரேபா நான் வைத்தது. கண்ணாடியைத் தூக்கி, ஒரு காகிதத்தால் கண்ணை ஒற்றி, அதைக் கூடையில் போட்டாள். மேசைமேல் இருந்த புட்டியை அமுக்கி இரண்டு கையையும், விரல் இடுக்கு விடாமல், தேய்த்தாள். வலது கை மோதிர விரலை மட்டும் இரண்டாம் தடவை தேய்த்தாள்.*

"உங்க பக்கத்து வீட்டுக்காரங்க கடைசியில சொன்னாங்களா?" என்று நான் கேட்டேன்.

"நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டாள். அதற்குள் என் முறை வந்து, வேறு அறைக்கு என்னை அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்தபோது அவள் நாற்காலி காலியாக இருந்தது.

ஆகவே ஷிபேன் பாபுவை நான் அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். மேல்துண்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. இரண்டு கையும் எழும்பிவிட்டன, இன்னும் ஒன்று சேரவில்லை. நடுவில் ஒரு வெற்றிலை நுழையும் இடைவெளி இருக்கிறது. பக்கத்தில் அவர் பெண், கறுப்புக் கண்ணாடிக்குள் கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா தெரியவில்லை, கால்விரல்களை மடக்கிக்கொண்டு நிற்கிறாள். ரேபா வாயைத் திறந்திருக்கிறாள். கிண்ணத்துக்கு முடிச்சுப் போட்டபோது திறந்த அதே வாய்.

அந்தக் கைகள் சேர்வதற்குள் யாராவது ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நான் பேனாவை மூடிவிட்டேன். அவர் வயதானவர், ரொம்ப நேரம் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியாது. உங்களைத்தான் பார்க்கிறார்கள்.

* இதைக் கூட்டிச் சொன்னேனா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை.